கை திறக்கும் நேரம்

இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். இன்று காலை என் கைகள் திறக்க அவ்வளவு நேரம் ஆனது.

நான்கு மணிக்குக் கைபேசி தலையணைக்கு அடியில் அதிர்ந்தது. சத்தம் வைப்பதில்லை, அடுத்த அறையில் அம்மா தூங்குகிறாள். விரலால் அதை நிறுத்த முடியவில்லை, முழங்கையால் அழுத்தினேன். சமையலறையில் விளக்குப் போடவில்லை. கெட்டிலில் இரவே தண்ணீர் நிரப்பி வைத்திருந்தேன். பொத்தானை முஷ்டியால் தட்டினால் போதும். கொதித்ததைப் பாத்திரத்தில் சாய்ப்பதுதான் பெரிய வேலை. கைப்பிடிக்குள் மணிக்கட்டை நுழைத்து, உடம்பையே ஒரு பக்கமாகச் சாய்த்து ஊற்றினேன். பச்சைத் தண்ணீர் கலந்து கைகளை உள்ளே விட்டேன். இருட்டில் அவை யாரோ ஊறவைத்துவிட்டுப் போன துணி மாதிரிக் கிடந்தன.

ஆறு பத்துக்கு வலது கையின் சுண்டுவிரலும் விரிந்தது. ஆறேகாலுக்கு அம்மா கூப்பிட்டாள்.

"எழுந்துட்டியாடி?"

"இப்பத்தான்மா," என்றேன், கொட்டாவி விட்டபடி.

அம்மாவுக்கு முடக்குவாதம் வந்து இருபது வருஷம் ஆகிறது. அப்போது எனக்கு ஆறு வயது. அவள் என்னைத் தூக்குவதை ஒரு நாள் நிறுத்தினாள். நான் வளர்ந்துவிட்டேன் போலிருக்கிறது என்று பெருமையாக இருந்தது. இப்போது அவள் விரல்கள் எல்லாம் காற்றில் சாய்ந்த புல்போல ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. காலையில் அவளைக் கட்டிலிலிருந்து எழுப்பி, தலை சீவி, கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துவிடுவது என் வேலை. அதற்கு எனக்குக் கை வேண்டும். அதனால்தான் நான்கு மணி. ஐந்தாறு மாதங்களுக்கு முன்னால் ஐந்தரைக்கு எழுந்தாலே போதுமாக இருந்தது.

அம்மா அந்த நோயிடம் பேசுவாள். சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். வலி அதிகமான காலைகளில், கட்டிலில் உட்கார்ந்தபடி, வீட்டுக்கு வந்து போகாமல் தங்கிவிட்ட உறவுக்காரரைக் கண்டிப்பதுபோல் சொல்வாள்: "வந்தது வந்துட்டே. என்னோட இருந்துக்கோ. சாப்பாடு போடறேன், மாத்திரை போடறேன். அவ பக்கம் மட்டும் திரும்பாதே." இருபது வருஷமாக அவள் வலியை ஒரு வாடகைபோலத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். நான் நன்றாக இருப்பதற்கான வாடகை.

எனக்கு வந்திருப்பதைச் சொன்னால், அவள் கட்டியதெல்லாம் வீண்.

மருத்துவரிடம் போனது மூன்று மாதங்களுக்கு முன்னால். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து அவர் சுற்றி வளைக்கவில்லை. "நீங்க சயின்ஸ் படிச்சவங்க, உங்களுக்கே தெரியும். மூட்டு அரிச்சுப் போனா திரும்ப வளராது. இந்த வாரமே ஆரம்பிச்சிடுங்க." வாரத்துக்கு ஒரு தடவை போடும் சின்ன மஞ்சள் மாத்திரை. அம்மா ஞாயிறு இரவு போடுவதும் அதுதான். திங்கட்கிழமை முழுவதும் அவளுக்குச் சாப்பாட்டு வாசனையே ஆகாது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பாள். எனக்கும் அப்படித்தான் ஆகும் என்றில்லை. ஆனால் அப்படி ஆகிவிட்டால்? ஒரே வீட்டில் இரண்டு பேர் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தால் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. வேறு கிழமையில் போட்டாலும் அந்தக் குமட்டலை அவளிடமிருந்து மறைக்க முடியாது. அவளுக்கு அது தன் நிழல் மாதிரிப் பழக்கம்.

மாத்திரைப் பெட்டி யோகா விரிப்புக்குள் சுருட்டியபடி இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. அதை விழுங்கினால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். விழுங்காவிட்டால் கை போய்விடும். மூன்று மாதமாக நான் கையைத்தான் விட்டுக்கொண்டிருந்தேன்.

என் வேலை மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு யோகா கற்றுக்கொடுப்பது. வேறு யாராவது சொன்னால் நானே சிரித்திருப்பேன்.

உயிர்வேதியியல் படித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை என்று யோகாப் பயிற்சியில் சேர்ந்தேன். அங்கே சொல்லிக்கொடுத்த எதையும் அம்மாவால் செய்ய முடியவில்லை. தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. உள்ளங்கையை ஊன்ற முடியாது. கைகூப்பினால்கூட நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் போகும் இடைவெளி இருக்கும். அதனால் எல்லாவற்றையும் நாற்காலிக்கும் சுவருக்கும் மாற்றினேன். பாரத்தை உள்ளங்கையில் வைக்காதே, முன்னங்கையில் வை. விரலால் எழாதே, தொடையால் எழு. வலி வரும் இடத்துக்கு ஒரு விரல்கடை முன்னாலேயே நின்று மூச்சு விடு. அம்மாவுக்கு ஒத்துவந்தது. அவள் மருத்துவமனை வரிசையில் பார்த்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தாள்.

ஒரு நடனப் பள்ளியின் கூடம் காலையில் காலியாக இருக்கும். அதைத்தான் எடுத்துக்கொண்டோம். வகுப்பு பத்தரைக்கு, எங்கள் ஆட்களுக்குப் பொழுது விடிவதே அப்போதுதான். எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி. முதல் நாளே தையலக்கா அதற்குத் திரை கட்டச் சொன்னார். "இருக்கிற பத்து விரலைப் பாக்கறதே போதும். எதிர்ல இன்னும் பத்து எதுக்கு?" முப்பது வருஷம் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தவர். ஊசியில் நூல் கோக்க இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறார். வாய்க்கு மட்டும் யார் உதவியும் தேவையில்லை. லாரி அண்ணன் ஓய்வுபெற்ற ஓட்டுநர். தன் இடுப்பு, முட்டி எல்லாவற்றையும் வண்டிக் கணக்கில்தான் சொல்வார். கணக்கு டீச்சர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்தவர். சுண்ணக்கட்டி பிடிக்க முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டார். எனக்கு அவர்கள் வைத்த பெயர் குட்டி மாஸ்டர்.

வகுப்பு தொடங்கும்போது வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் அன்று காலை கை திறக்க எவ்வளவு நேரமானது என்று சொல்ல வேண்டும். வலியை யாரும் வார்த்தையில் சரியாகச் சொல்வதில்லை; நேரம் பொய் சொல்லாது. அதை வைத்துத்தான் அன்றைக்கு என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பேன். வட்டம் என்னிடம் வரும்போது நின்றுவிடும். மாஸ்டருக்கு அந்தக் கேள்வி கிடையாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. புதிதாக யார் வந்தாலும், குறிப்பாகப் பெண்கள், கொஞ்ச நேரத்தில் அந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு வருமா? உடனே எல்லாரும் அம்மாவைப் பார்ப்பார்கள். அம்மா நிமிர்ந்து உட்காருவாள். "இங்க பாரும்மா. இருபது வருஷமா எனக்கு இது. இவ நான் பெத்த பொண்ணு. ஏய், எந்திரிச்சுக் காட்டு." நான் எழுந்து, முட்டி மடங்காமல் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதிப்பேன். லாரி அண்ணன் வாயாலேயே ஹாரன் அடிப்பார். புதிதாக வந்தவரின் முகம் தளரும். அம்மா அந்த ஒரு நிமிஷத்துக்காகவே வகுப்புக்கு வருகிறாளோ என்று தோன்றும்.

கடைசியாக அப்படிக் காட்டியது மருத்துவரிடம் போவதற்கு முன்னால். அன்று கையை எடுத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்துச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு முழு ஆசனத்தைச் செய்துகாட்டுவதை விட்டுவிட்டேன். நாற்காலி வடிவத்தை மட்டும் காட்டினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. "நல்லதாப் போச்சு, நீ வளையறதைப் பாத்தாலே எனக்கு வலிக்கும்," என்றார் தையலக்கா.

அதோடு வகுப்பே தேறத் தொடங்கியதுபோல் இருந்தது. முன்பெல்லாம் நான்தான் கதவைத் திறந்து இரும்பு நாற்காலிகளை விரித்துப் போடுவேன். இரண்டு மாதமாக நான் போகும்போதே கதவு திறந்திருக்கும், நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருக்கும். "சும்மாதானே உக்காந்திருக்கோம்," என்றார் லாரி அண்ணன். அம்மாவும் ஒரு சாவியை வாங்கிக்கொண்டு, "வெயில் ஏறுறதுக்குள்ள நான் முன்னாடி போயிடறேன், நீ நிதானமா வா," என்று தையலக்காவுடன் நடந்துபோகத் தொடங்கினாள். தன் ஜாக்கெட்டுகளிலிருந்து கொக்கிகளை எடுத்துவிட்டு, பிரித்தால் கர்ரென்று சத்தம் போடும் ஒட்டுப்பட்டையைத் தைக்கச் சொல்லிக்கொண்டாள். அதுவரை தினமும் கொக்கி மாட்டிவிட்டது நான்தான். "இதுன்னா நானே போட்டுப்பேன். யாரையும் எதிர்பாக்க வேண்டாம் பாரு." எனக்கு நிம்மதியாக இருந்தது. யோகா வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

வீட்டில் மட்டும் அவளுக்கு மறதி அதிகமானது. டப்பா மூடிகளை இறுக்காமல் சும்மா மேலே வைத்திருப்பாள். குழாயைச் சரியாக மூடாமல் சொட்டவிடுவாள். நான் கத்துவேன். "ஏம்மா எல்லாத்தையும் தொறந்து தொறந்து வைக்கறே? எறும்பு மொய்க்குது பாரு."

"வயசாகுதுல்ல, மறந்துடுது," என்பாள்.

இன்று காலை மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. வகுப்புக்கு ஆசனப் படங்கள் அச்செடுக்கப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஆய்வகத்தில் கூட்டமில்லை. பத்து மணிக்கே கூடத்துக்கு வந்துவிட்டேன்.

பக்கவாட்டுச் சந்தில் சைக்கிள் நிறுத்தும் இடம். அங்கிருந்து ஜன்னல் வழியாக உள்ளே தெரியும். முதலில் கண்ணில் பட்டது அம்மா. மடித்த நாற்காலி ஒன்றை இரண்டு முன்னங்கைகளிலும் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு நடந்துவந்தாள். அம்மா எதையும் தூக்கிப் பார்த்துப் பல வருஷமாகிறது. ஒரு கணம் எனக்குக் கத்திக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது, அவ்வளவு சந்தோஷம். அப்புறம் அவள் அதைக் கீழே வைத்தாள். வைத்ததும் சுவரில் நெற்றியைச் சாய்த்து நின்ற முகத்தைப் பார்த்தேன்.

"வெச்சிடுங்கக்கா, நான் இழுத்துக்கறேன்," என்றார் லாரி அண்ணன். அவர் நாற்காலியின் காலில் துண்டைக் கட்டி, துண்டைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏற்கெனவே நாலு இழுத்தாச்சு. மணிக்கட்டைப் பாருங்க, பன்னு மாதிரி ஊதிக் கிடக்கு."

"ஓவர்லோடு புதுசா எனக்கு?"

"தன் கையே தனக்குதவின்னு சொன்ன புண்ணியவானுக்கு நம்ம வியாதி வரலை போல," என்றார் தையலக்கா, நாற்காலியைப் பாதத்தால் தள்ளி விரித்தபடி. "சீக்கிரம் ஆகட்டும். குட்டி மாஸ்டர் வந்துடும். நேத்து கதவுப் பிடியை முழங்கையால தள்ளுச்சு, பாத்தீங்கல்ல?"

கணக்கு டீச்சர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இன்னும் எத்தனை நாளைக்குக்கா? அவ மாத்திரை ஆரம்பிச்ச மாதிரித் தெரியலை. நாள் போகப் போக நஷ்டம் அவளுக்குத்தான். நீங்க கேட்டுடுங்க."

"அவளா சொல்லட்டும்."

"அவ சொல்ல மாட்டா. உங்க பொண்ணாச்சே. அழுத்தம்."

அம்மா சேலைத் தலைப்பைக் கையால் பிடிக்க முடியாமல் தோளால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டா, ஆமான்னு சொல்லிடுவாளே டீச்சர்," என்றாள்.

நான் ஜன்னலிலிருந்து விலகினேன். சந்தின் முனையில் ஒரு சைக்கிளின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒட்டுப்பட்டை. நான் கொக்கி மாட்ட வேண்டாம் என்று. மூடிகள். நான் திருக வேண்டாம் என்று. குழாய். அவளுடைய விரல்களை வைத்துக்கொண்டு, நான் பார்க்காத நேரத்தில் எல்லா டப்பாக்களையும் எப்படித் தளர்த்தினாள்? பல்லாலா? நான் அவளைத் திட்டினேன். எறும்பு என்று திட்டினேன்.

இரண்டு மாதமாக அவர்கள் சொன்ன நேரங்கள் ஏறிக்கொண்டேதான் இருந்தன. லாரி அண்ணனுக்கு அரை மணி நேரம் ஏறியிருந்தது. பனிக்காலம் என்று நினைத்துக்கொண்டேன். நாற்காலிகள் போட்டிருப்பதைப் பார்த்தேன், நேரங்களையும் கேட்டேன், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. படித்ததெல்லாம் எதற்கு?

பத்தரைக்கு, இப்போதுதான் வருகிறவள்போல முன்வாசல் வழியாகப் போனேன்.

"வாங்க குட்டி மாஸ்டர். எல்லாம் ரெடி. வண்டிய எடுக்கலாம்," என்றார் லாரி அண்ணன், மணிக்கட்டைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு.

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அச்செடுத்துட்டியா?"

"ம்."

என் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. கையை இறக்கிவிட்டுக்கொண்டேன். அவள் அதைப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

இன்று புதிதாக ஒரு பெண் வந்திருந்தார். பேருந்தில் நடத்துநர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சீட்டுக் கிழிக்கும் விரல்களில்தான் முதலில் வந்ததாம். இரண்டு மாதம்தான் ஆகிறது. நாற்காலி நுனியில், இறங்க வேண்டிய நிறுத்தம் வரப்போகிறவர்போல் உட்கார்ந்திருந்தார்.

வட்டம் தொடங்கியது.

"ஒரு மணி இருபது. வழியில எங்கயும் நிறுத்தலை," என்றார் லாரி அண்ணன்.

"அறுபத்து மூணு நிமிஷம்," என்றார் கணக்கு டீச்சர்.

"அந்த மூணு நிமிஷத்தை யாருக்கு டீச்சர் மிச்சம் பிடிக்கறீங்க? எனக்கு ஒண்ணரை மணி. முன்னபின்ன இருக்கும், கடிகாரத்தைத் திருப்பிப் பாக்கவே கழுத்து வரலை," என்றார் தையலக்கா.

அம்மா, "வழக்கம்போலத்தான்," என்றாள். நேரம் சொல்லாமல் அவள் ஒருபோதும் விட்டதில்லை.

நடத்துநர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு நேரம்னு நான் பாக்கலைங்க. பாப்பாவுக்கு ஜடை போட வரலை. அவ, பரவாயில்லம்மா, விரிச்சே விட்டுடுன்னு சொன்னா. நாலு வயசுதான் ஆகுது. எனக்கு அழுகை வந்துடுச்சு." தலையை நிமிர்த்தினார். "இது… பிள்ளைங்களுக்கும் வருமா?"

யாரும் அம்மாவைப் பார்க்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அதிலேயே அந்தப் பெண்ணுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். முகம் வெளுத்தது.

"இங்க பாரும்மா," என்று அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் பழைய குரல்தான். "இருபது வருஷமா எனக்கு இது. இவ…"

நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது.

"அதெல்லாம் பர்மிட்டு ஒருத்தர் பேர்லதான்மா கொடுப்பாங்க, மாத்தி எழுத முடியாது," என்றார் லாரி அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

நான் எழுந்தேன்.

என்னால் முடியும். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் எப்போதோ கழிந்துவிட்டது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உள்ளங்கைகளைத் தரையில் பதித்துவிட்டு எழுந்துவிடலாம். நடத்துநர் இன்று இரவு தூங்குவார். அம்மாவும் இன்னும் கொஞ்ச நாள் வாடகை கட்டுவாள். மூச்சை வெளியே விட்டுக் குனிந்தேன். முட்டி மடங்கவில்லை. விரல் நுனிகள் தரைக்குப் பக்கத்தில் போய்விட்டன.

"வேண்டாம்டி."

அம்மா எழுந்து நின்றிருந்தாள். எதையும் பிடிக்காமல், யார் உதவியும் இல்லாமல், நான் சொல்லிக்கொடுத்தபடி தொடையால் எழுந்திருந்தாள்.

"ஊனாதே. வேண்டாம். வலிக்கும் உனக்கு."

நிமிர்ந்தேன். நடத்துநர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். தையலக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார்.

முதலில் நடத்துநரிடம்தான் சொன்னேன். அது அவருடைய கேள்வி. "பெரும்பாலும் வராதுக்கா. நிஜமாவே. இந்த வியாதி இருக்கிற அம்மாக்களோட பிள்ளைங்கள்ல ரொம்பப் பேருக்கு வர்றதே இல்லை. ஆறுதலுக்குச் சொல்லலை, படிச்சுத்தான் சொல்றேன்."

அவர் தலையாட்டினார். ஆனால் கண்கள் என் கைகளில் இருந்தன.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம், சொல்லிவிடாதே என்று கெஞ்சும் முகம்; சொல்லித் தொலையேன் என்று கெஞ்சும் முகமும் அதுதான். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"எனக்கு வந்துடுச்சும்மா," என்றேன். "இன்னைக்குக் காலையில ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம்."